கவர்னர் பால் கறக்கிறார்

மண்ணில் கால் பதித்து நிற்கும் மனிதர்களால்தான் குடியரசு வாழ்கிறது என்று கவர்னர் லூசியஸ் பெட்டிபோன் முழங்கி முடிக்கிறார்; முடித்ததும் பூட்ஸில் ஒட்டிய சாணத்தைப் புல்லில் தேய்க்கிறார். உள்நாட்டுப் போரில் உணவுக் கிடங்கைக் காவல் காத்தே கர்னலானவர். எங்கள் மாவட்டத்தின் வாக்கு இல்லாமல் அவருக்கு இரண்டாம் முறை பதவி கிடையாது. எங்கள் ஆட்களோ பால் கறக்கத் தெரியாதவருக்கு வாக்களிப்பதில்லை. தொழுவத்தில் வளர்ந்தவன் நான் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி வருவதால், பண்ணைக்காரர் ஆரின் ஸ்கடர் சந்தைத் திடலில் ஒரு செவலை மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். செப்டம்பர் வெயில் வைக்கோல் மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. கவர்னர் பட்டுத் தொப்பியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் அமர்கிறார். நீண்ட கோட்டின் வால் சேற்றில் புரள்கிறது. இழுக்கிறார், இழுக்கிறார், தகர வாளியில் சத்தமே இல்லை. வரவேற்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

"கூட்டத்தைப் பாத்து கூச்சப்படுது," என்கிறார் கவர்னர்.

"யாரு போய் உக்காந்தாலும் அவளுக்குக் கூச்சம்தாங்க," என்கிறார் ஸ்கடர், முகம் மாறாமல்.

"மெதுவா இழுங்க கவர்னரே," என்று வேலிக்கு அப்பாலிருந்து ஸ்கடரின் மனைவி தெர்ஸா குரல் கொடுக்கிறாள். "எங்ககிட்ட வரி கறக்கிற மாதிரி இழுக்காதீங்க."

வேலியோரம் சிரிப்பு ஓடுகிறது. கவர்னரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மாட்டின் வயிற்றில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்கிறார். "எங்க அப்பா பண்ணையில இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. வேளைக்கு ரெண்டு வாளி கறக்கும்."

அவர் சாய்ந்திருக்கும் செவலையோ இன்னும் ஒரு கன்றுகூட ஈனாத கிடாரி.