அளவெடுத்த கண்கள்

"பாருங்க டாக்டர், இன்னிக்குக் காலைல எடுத்தது" என்று அக்காவின் கணவர், மாமா, கைப்பேசியை நீட்டினார்.

திரையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நூலக அலமாரிகள், கையில் பூங்கொத்து.

தங்கை எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் சின்னவள்தான். அந்த முகத்துக்கு ஒப்பனை செய்ததே அவள்தான். நகக்கண்ணில் பழுப்பு நிறம் இன்னும் ஒட்டியிருந்தது.

நூலகத்தில் அக்காவுக்கு இன்று கடைசி நாள். வழியனுப்பு விழாவில் நன்றி சொல்லும்போது நாக்கு குழறியது. நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் மைக் கீழே விழுந்தது. பின்னாலேயே அக்காவும்.

இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள்.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. கரைக்க ஊசி உண்டு. அடைப்பு ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் அது மருந்து. நேரம் தாண்டியபின் போட்டால், மண்டைக்குள் ரத்தம் கொட்டி ஆளையே கொண்டுபோய்விடலாம்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? எனக்கு அதுதான் தெரியணும்."

"மேடை ஏறுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. ரெண்டு கண்ணையும் பாருங்க, அளவெடுத்து வெச்ச மாதிரி இல்ல?"

அளவெடுத்து வெச்ச மாதிரி. சின்னவளின் பார்லருக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது.

இருபது வயதுக் கண்ணுக்கு யார் வேண்டுமானாலும் மை தீட்டலாம், வயதான இமைதான் கைக்குச் சோதனை என்பாள். மூடச்சொல்லித் தீட்டினால், திறந்ததும் எல்லாம் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் கண்ணைத் திறந்து நேரே பார்க்கச் சொல்லித்தான் கோடு போடுவாள். மினுங்கும் பொடி பக்கமே போகமாட்டாள், அது சுருக்கத்தைக் கோள் சொல்லிவிடும். மங்கிய பழுப்பை மடிப்புக்கு ஒரு நூல் மேலே வைத்துத் தேய்த்தால் போதும். தொங்கின இமையும் தூக்கினாற்போல் நிற்கும்.

காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு அக்கா வாயை மூடவே இல்லை.

"நான் முப்பது வருஷம் தூசி தட்டின புத்தகமெல்லாம் பழைய அட்டையோடதான் இருக்கு. எனக்கு மட்டும் எதுக்குடி புது அட்டை?"

"பேசாம இருக்கா. கோடு கோணுது."

டாக்டர் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வலது கண். இடது கண். மறுபடி வலது.

"சரி, நேரம் இருக்கு" என்று திரும்பி, ஊசியைத் தயார் செய்யச் சொன்னார். மாமா அப்படியே நாற்காலியில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் அவர் தோள்கள் குலுங்கின.

சின்னவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தாள்.

கோணியது கோடு இல்லை.

நர்ஸ் ஊசித் தட்டோடு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். சின்னவள் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இடது கண்ணு நான் வரைஞ்சது."

டாக்டருக்குப் புரியவில்லை.

"எழுந்து வந்து உட்காரும்போதே அந்த இமை இறங்கியிருந்துச்சு டாக்டர். ஒருக்களிச்சுப் படுத்திருப்பான்னு நெனச்சேன். வயசு வேற. வலது கண்ணுக்குச் சரியா ஏத்தி வரைஞ்சுட்டேன்."

கதவு பாதி திறந்தபடி நின்றது. டாக்டர் தட்டைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தை.

"அப்போ தூக்கத்துலயே ஆரம்பிச்சிருக்கு, நேரம் தாண்டிடுச்சு. ஊசி வேண்டாம்" என்றார், மெல்ல. "வேற என்ன செய்ய முடியும்னு பார்க்கிறேன்." உள்ளே ஓடினார்.

டாக்டர் திருப்பிக் கொடுத்த கைப்பேசியை மாமா மடியில் வைத்து, அக்காவின் இடது இமையைக் கட்டைவிரலால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

படம் அப்படியும் இப்படியும் நகர்ந்ததே தவிர, கோடு அழியவில்லை.