பல்லில் கவ்விய பறி

கஸ்தூரி வந்து ஏரியில் கால் வைத்ததுதான் தாமதம். அதுவரை கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறால் போடும் பறியைத் தூக்கிப் பல்லில் கவ்விக்கொண்டார்கள்.

சேற்றில் இரண்டு கையாலும் இறால் துழாவுகிறவளுக்கு ஓலைப் பறியைப் பிடிக்க வாய்தான் மிச்சம். கவ்விவிட்டால் பேச முடியாது. ஆனால் இறாலே இல்லாத கரையோரத் தண்ணீரில் எவள் பறியைக் கவ்வுவாள்?

'நம்ம பேச்சுதான் ஓடியிருக்கு' என்று நினைத்தாள் கஸ்தூரி.

கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷியின் மூக்குக் குரல், ஒல்லாந்துத் துரையின் "ஏ பொம்ப்ளே, எர்ரால் குடு" எல்லாம் பேசிக் காட்டி இவர்களைச் சிரிக்க வைத்தவளே கஸ்தூரிதான். இப்போது அவள் புருஷன் கேசவன் குரலை எவளோ பேசிக் காட்டுகிறாள் போல.

கேசவன் சங்கதி தோணிரேவு குப்பம் முழுக்கத் தெரியும். பொழுது சாய்ந்தால் கோட்டைத் தெருவில் யாராவது ஒருத்தி வீடு. விடிந்தால், "அம்மன் மேல சத்தியம், இனிமே போவ மாட்டேன்" என்று அழுகை. சாயங்காலம் மறுபடியும் கிளம்பிவிடுவான். "இன்னா பண்ணுவேன் கஸ்தூரி, மனசு கேக்கலியே!"

அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர்களில் மூத்தவளான சாமுண்டியின் வாயிலிருந்து பறியைப் பிடுங்கினாள்.

"இன்னாக்கா, எனக்கு இன்னா தொத்து வியாதியா? நான் அனுப்பம்பட்டுக்கு, எங்க நைனா வூட்டுக்கே போயிடறேன். அப்புறம் வாய் நெறயப் பேசுங்க!"

பக்கத்தில் நின்ற தனக்கோடி பதறிப்போய்த் தன் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "ஐயோ, அப்டி இல்லடி..."

"நீ கம்முனு இரு," என்றாள் சாமுண்டி. "வாயத் தொறந்தா எவளாவது கேட்டுடுவா கஸ்தூரி. 'ராத்திரி வந்தானா? எவ வூட்ல இருந்தான்?'னு. அதான், நீ தண்ணில எறங்கினதும் கவ்விக்கச் சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"அழணும்னா அழு, ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். சொல்லணும்னா சொல்லு, கேட்டுக்கறோம். நைனா வூட்டுக்குப் போறதும் போவாததும் உன் இஷ்டம். யாரும் இல்லன்னு மட்டும் போவாத."

கஸ்தூரி பிடுங்கிய பறியை நீட்டினாள்.

"உனக்கு எப்டிக்கா இதெல்லாம் தோணுச்சு?"

சாமுண்டி பறியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"என் ஆளு இதே மாரி சுத்தின வருசம், அவன் அழுவறத நீ அப்டியே பேசிக் காட்டுவ. எல்லாரும் சிரிப்பாளுங்க. உன் வாயில ஒரு பறி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு நெனச்சுக்குவேன்."