பார்க்கூர் தெரிந்த பெண்

பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன், தரகர். நால்வரும் பக்கத்துக் கட்டடங்களைத் தாண்டி வந்து, ஆறாவது மாடிக்கு மேல் மொட்டைமாடியில் குதித்து, உருண்டு எழுந்தார்கள். அம்மாவின் பட்டுப்புடவை கசங்கவில்லை. வரவேற்றவர்கள் பெண் இளவேனில், அவள் அப்பா ஞானசேகர், அம்மா வசுமதி.

கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும் பார்க்கூர் தெரியாமல் படிக்கட்டில் ஏறி இறங்கும் குடும்பத்தோடு இப்போது யாரும் சம்பந்தம் வைப்பதில்லை.

பஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "பாட்டெல்லாம் வேண்டாம்மா. எதிர் மாடிக்கு ஒரு தாவு தாவிட்டு வா, போதும்" என்றாள்.

இடையில் பத்தடி அகலப் பள்ளம். வீட்டைவிட்டு வெளியே போகாமலே வளர்ந்த இளவேனில் ஒரு வாசற்படியைக்கூடத் தாண்டிக் குதித்ததில்லை.

"நடக்கிறதுக்கு முன்னாடியே தாவினவ இவ" என்றார் ஞானசேகர். "போம்மா, வெக்கப்படாத."

"விழுந்துட்டா?" என்று இளவேனில் கேட்டாள்.

"வேற பொண்ணு பாத்துக்கிறோம்" என்று தாய்மாமன் சிரித்தார்.

"ஷூ மாட்டி அனுப்புறேன்" என்று வசுமதி மகளை உள்ளே இழுத்துப்போனாள். பீரோவை நகர்த்தினாள். பின்னால் ஒரு கதவு, அதற்கு அப்பால் படிக்கட்டு.

"அம்மா, நம்ம வீட்டுலயா?"

"கல்யாணமாகி நான் ஏறி வந்த வழிடி இது. உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினாரு. ஓடு."

இளவேனில் இறங்கத் தொடங்கியதும் வசுமதி கதவைச் சாத்திப் பூட்டினாள்.