உயர்வுக்கு ஒரு பெயர்

கடை வாசல் கேமரா சிந்தாமணியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பலகையில் அரிசி விலை எகிறியது. நேற்றுவரை அவளுக்குக் கிலோ எண்பது ரூபாய், இன்று நூற்றைம்பது. அவரவர் சம்பளத்துக்குத் தகுந்த விலைதான் எங்கும். சம்பளம் ஒரு படி ஏறினால் விலை இரண்டு படி ஏறும். வெறும் பையோடு பனியன் கம்பெனிக்கு ஓடினாள்.

"சம்பளம் ஏறியிருக்கு, ஸ்வீட் எங்கம்மா?" என்று சிரித்தார் சூப்பர்வைசர் பழனிச்சாமி.

"விளையாடாதீங்ண்ணா. ஐந்நூறு ஏத்திப்போட்டு அஞ்சாயிரத்தைப் புடுங்கிக்கறாங்க. வாடகையும் ஏறிரும். எனக்கு வேண்டாமுங்ண்ணா."

அவர் சிரிப்பு நின்றது. "செக்‌ஷனுக்கு ஒருத்தருக்கு ஏத்தியே தீரோணும். போன வருசம் எனக்கு ஏத்துனாங்க, புள்ளையக் காலேஜ விட்டு நிறுத்திப்போட்டேன். வேணும்னா வேற ஒரு பேரு சொல்லு, மாத்திடறேன். ஷிப்ட் மணி அடிக்கறதுக்குள்ள சொல்லோணும்."

சிந்தாமணி திரும்பினாள். தையல் மெஷின்களில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரசவம் முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த ஜமுனா மட்டும் அவளைப் பார்த்து முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.

"ஜமுனாவுக்குப் போடுங்ண்ணா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜமுனா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். "கொழந்தைக்குப் பால் பவுடர் வாங்க முடியலக்கா. எந்தப் பாவி எம்பேரச் சொன்னாளோ!"

"அழுகாத கண்ணு, மொதல்ல சாப்பிடு" என்று சிந்தாமணி தன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் இருந்தது, மறுபடியும் எண்பது ரூபாய்க்கே கிடைத்த அரிசியின் சோறு.