பத்துப் பழசா, ரெண்டு புதுசா?

“பத்து வருசம் ஓடித் தேஞ்சுபோன பெட்டிங்கள எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா, மேடம்?”

மருதையன் போட்ட சத்தத்தில் சமுதாயக் கூடத்து வாசலில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஓடின.

இர்ஃபானா சங்கடத்தோடு சிரித்தாள். தஞ்சாவூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் தர முன்வந்திருந்தது. ஆபீசில் இதுவரை ஓடிய பழைய டெஸ்க்டாப் பத்து. இல்லையென்றால் கடையிலிருந்து புத்தம்புதுசாக இரண்டு. எது வேண்டும் என்று ஊரைக் கேட்டு வரத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

“எல்லாத்தையும் சர்வீஸ் பண்ணித்தான் தருவோம், சார். கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதான்.”

“மெதுவான்னா? ஆன் பண்ணிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?”

“வரலாம்,” என்று ஒப்புக்கொண்டாள் இர்ஃபானா. “புதுசுன்னா பத்து செகண்டுல திறந்துடும்.”

கூட்டம் சிரித்தது.

“கேட்டுக்குங்க! பழசு கரண்டையும் குடிக்கும், நம்ம உசுரையும் எடுக்கும். புதுசு ரெண்டு போதும். ஊருக்கும் ஒரு கௌரவம்!” என்றார் மருதையன்.

“போதாதுப்பா!”

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தவள் அவருடைய மகள் எழில்மொழி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வந்திருப்பவள்.

“ஊர்ல முப்பத்தாறு பொண்ணுங்க கத்துக்கணும்னு பேர் கொடுத்திருக்காங்க, மேடம். நீடாமங்கலத்துக்குப் போய்ப் படிக்கப் பாதி வீட்டுல விட மாட்டேங்கிறாங்க. இங்கன்னா நானே சொல்லித் தருவேன். புதுசு வேகமாத்தான் ஓடும், இல்லேங்கல. ஆனா ரெண்டே ரெண்டு இருந்தா முப்பத்தாறு பேரும் சுத்தி நின்னு வேடிக்கைதான் பாக்கணும். ஒருத்தி கீபோர்டுல கை வைக்கிறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிடும்! டைப் அடிச்சுப் பழக, பரீட்சைக்குத் தயாராக எல்லாம் பழசே தாராளம்.”

“உக்காரு! நாலு எழுத்து படிச்சுட்டா அப்பனையே எதுத்துப் பேசுவியா?”

எழில்மொழி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். இர்ஃபானாவுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பெண் சொல்வதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. ஆனால் கூட்டம் மருதையன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. புதுசு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அப்போது வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. ஊரிலேயே அதிக நிலமுள்ள இளையபெருமாள் உள்ளே வந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். இர்ஃபானா அவருக்கு விஷயத்தை மறுபடி விளக்கினாள்.

கேட்டுவிட்டு, “மருதையன் என்ன சொல்றாரு?” என்றார்.

“புதுசு ரெண்டு போதுங்கிறாருங்க,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

இளையபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பழசுன்னா என்ன கேவலமா? என் டிராக்டருக்கு வயசு பதினெட்டு. இந்த வருசக் குறுவைக்கு அதுதானே எல்லார் வயல்லயும் சேறு அடிச்சுது? பத்தையும் அனுப்புங்கம்மா.”

மருதையன் விடவில்லை. “அனுப்பி? பத்துப் பெட்டிக்கு இந்தக் கூடத்துல பிளக் எங்க இருக்கு?”

“வயரிங் என் செலவு!”

“புள்ளைங்க எதுல உக்காரும்? தரையிலயா?”

“என் கல்யாண மண்டபத்து நாற்காலி சும்மாத்தான் கெடக்கு. இருபது தர்றேன்.”

“கூரை ஒழுகுது. ஐப்பசி மழையில பத்தும் குளிச்சுட்டு நிக்கும்!”

“நாளைக்கே ஆள் விட்டுச் சரி பண்றேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?” இளையபெருமாள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். பத்துப் பழசுக்கே கைகள் உயர்ந்தன. பெண்கள் பக்கம் ஒரே கைத்தட்டல். மருதையன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டு இர்ஃபானா வெளியே வந்தபோது, அவர் வாய்க்கால் மதகின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், “வருத்தப்படாதீங்க சார். நீங்களும் ஊர் நல்லதுக்குத்தானே பேசுனீங்க,” என்றாள்.

அதற்குள் எழில்மொழி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்து இர்ஃபானா ஒதுங்கி நின்றாள்.

எழில்மொழி ஒரு தாளைப் பிரித்தாள். “வயரிங் ஆச்சு, நாற்காலி ஆச்சு, கூரை ஆச்சு. அவ்வளவு மனப்பாடம் பண்ணியும் ஃபேனை விட்டுட்டீங்களேப்பா!”

துண்டை விலக்கிய மருதையனின் முகமெல்லாம் சிரிப்பு. “பஞ்சாயத்துத் தேர்தல்ல இளையபெருமாள எதுத்து நின்னேம்மா, பதினஞ்சு வருசம் ஆச்சு. அன்னையிலேர்ந்து நான் எது வேணும்னு சொன்னாலும் அவருக்கு அது வேணாம்,” என்று இர்ஃபானாவிடம் கிசுகிசுத்துவிட்டு எழுந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தார்.

“ஃபேன் இல்லாத எடத்துல பழைய பெட்டி ஒரு வாரம் தாங்காது, எழுதி வச்சுக்குங்க!”

“தாங்காதுன்னு எவன்யா சொன்னது? நாலு ஃபேன் மாட்டுறேன், பாரு!” என்று உள்ளேயிருந்து இளையபெருமாளின் குரல் கேட்டது.