ஒரு முறம் தவிடு

எத்திராஜின் அப்பாவும் அண்ணனும் பருத்திப்பட்டு ஏரியில் தாமாகவே இறங்கி மூழ்கிப் போனவர்கள். அதற்குச் சில நாள் முன்பிருந்தே காதுகளைப் பொத்திக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்களாம். எத்திராஜின் மனைவி தாட்சாயிணி, தன் நான்கு வயது மகனும் அப்படி நிற்பதைக் கண்டு ஆடிப்போனாள்.

"நடை, குணம் மாதிரி இதுவும் ரத்தத்துல வர்றதும்மா. மருந்து கிடையாது," என்றார் ஆவடி டாக்டர்.

வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டால் தப்பலாம் என்று, மகனைப் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள்.

"இனிமே இவன் எங்க ஊட்டுப் புள்ள. ஒழுங்கா வளத்துக் குடுடி," என்று சிரித்தபடி பொன்னியம்மா அவனை அவளிடமே விட்டுப் போனாள்.

அன்றோடு பையன் காதைப் பொத்துவதை விட்டான்.

அடுத்த மாதம் குழாயடியில் பொன்னியம்மா அழுதாள். "எங்க ஊட்டுக்காரரு பேக்டரிக்குப் போவாம காதைப் பொத்திக்கினு ஏரியவே பாத்துகினு கீறாரு. மாமியாரும் அப்டியே நிக்குது. இன்னாடி பண்றது?"

தாட்சாயிணி வீட்டுக்கு ஓடி, பையனை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

அவன் அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தான்.

"பயப்படாதம்மா. இப்பல்லாம் ஏரி என்னியக் கூப்புடறதில்ல. அவுங்களத்தான் கூப்புடுது."