தலையிழந்த ஐயன்

"விடையைச் சொல்லிப் போட்டீன்னா அப்புறம் உன்கூடப் பேச்சே கிடையாது" என்று மனைவி பூங்கொடியை மிரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் குறுக்கெழுத்துப் புதிரைத் திரும்பவும் படித்தார் மகுடேஸ்வரன்.

'பனிக்குப் பின்னால் வந்த ஐயன் தலையை இழந்தான், உடம்போடு ஒட்டினான். நான்கு எழுத்து.'

"உடம்போட ஒட்டினது, நாலெழுத்து... பூங்கொடி!"

"ஆசைதான். அதுல ஐயன் எங்கீங்க?"

"காலையிலிருந்து மண்டை காயுது. சின்னதா ஒரு குறிப்பு மட்டும் குடு."

"உங்க மேலதான் இருக்குதுங்க."

அண்ணாந்து பார்த்தார். "ஃபேனா?"

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். கழுத்து வியர்வையைத் துடைக்க, போட்டிருந்ததை இழுத்தார் அவர். கை அப்படியே நின்றது.

"அட! ஐயன்ல 'ஐ' போனா 'யன்'. பனிக்குப் பின்னால 'யன்'... பனியன்! கண்ணு முன்னாலயே இருந்துக்கிட்டு என்ன ஆட்டம் காட்டியிருக்குது பாரு! நீ சொல்லியிருந்தா இந்தச் சந்தோஷம் வருமா?"

"வராதுங்க. ஆனா திருப்பூருக்குள்ள யார்கிட்டயும் சொல்லிப் போடாதீங்க."

"ஏன்?"

அதற்குள் போன் அடித்தது. பூங்கொடி எடுத்தாள்.

"ஆமாங்க, பனியன் கம்பெனி ஓனர் ஊடுதானுங்க. இருக்காருங்க... இப்பத்தான் பனியனைக் கண்டுபிடிச்சாருங்க."